செட் பொயின்ட் புரோகிராம் சொன்னபடி ஓடவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

தேயிலை ட்ரையர், கொழுந்து வாட்டும் ட்ரஃப், மரக்கறி உலர்த்தும் அறை, பேக்கரிப் போறணை என்று மலையகத்தில் நான் பழுது பார்க்கப் போகும் இடங்களில் புரோகிராம் ஓடும் கொன்ட்ரோலர்கள் நிறைய வந்துவிட்டன. இத்தனை நிமிடத்தில் ஏறு, இவ்வளவு நேரம் நில், பிறகு இறங்கு என்று நேரத்தோடு செட் பொயின்ட்டை, அதாவது இயந்திரம் எட்ட வேண்டிய சூட்டை, மாற்றிக்கொண்டு போகும் வகை. வசதியான சாமான்தான். ஆனால் அது சொன்னபடி ஓடாத நாளில் பலரும் முதலில் கை வைப்பது பிஐடி எண்களில் (சூட்டின் வித்தியாசத்துக்கு ஏற்ப அவுட்புட்டை எவ்வளவு கூட்டிக் குறைப்பது என்று தீர்மானிப்பவை), இல்லாவிட்டால் அந்த எண்களைக் கொன்ட்ரோலரே கண்டுபிடிக்கும் ஓட்டோ டியூனில். கோளாறு அங்கே இருப்பது அரிது. சரியாக இருந்த எண்களை அழித்துவிட்டால் ஒரு பிழை இரண்டாகிவிடும்.

ஆகவே கீழே நான் சொல்லும் இடம் வரும்வரை பிஐடியைத் தொடாதீர்கள். எதை மாற்றுவதற்கு முன்னும் ஒவ்வொரு செக்மென்ட்டின் (புரோகிராமின் ஒவ்வொரு படியின்) திரையையும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள்.

## முதலில் மூன்று எண்கள்

புரோகிராம் ஓடும்போது மூன்று எண்களைப் பாருங்கள்: சென்சர் காட்டும் உண்மைச் சூடு, அந்த நிமிடத்துச் செட் பொயின்ட், அவுட்புட் சதவீதம் (கொன்ட்ரோலர் ஹீட்டரிடமோ அடுப்பிடமோ கேட்கும் அளவு). பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தாளில் எழுதி வந்தால் ஒரு மணி நேரத்தில் பாதி விடை கிடைத்துவிடும்.

செட் பொயின்ட்டே தப்பாக நகர்ந்தால் கோளாறு புரோகிராமில் இருக்கிறது. செட் பொயின்ட் ஒழுங்காகப் போய், சூடு அதன் பின்னால் போகவில்லை என்றால் இயந்திரத்தில். இரண்டும் சேர்ந்தே போகின்றன, ஆனால் வெளியே வரும் சரக்கு சரியில்லை என்றால் சென்சரில். உங்கள் பிழை இந்த மூன்றில் எது என்று தெரிந்த பிறகு கீழே உரிய தலைப்புக்குப் போங்கள்.

## ஸ்டார்ட் கொடுத்தாச்சு, செட் பொயின்ட் அசையவே இல்லை

ரன் விளக்கு எரிகிறதா, மினுங்குகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான மொடல்களில் மினுங்கினால் ஹோல்டில் நிற்கிறது என்று அர்த்தம். துடைக்கும்போது யாரோ பட்டனை அழுத்தியிருப்பார்கள். ஹோல்டை எடுத்தால் ஓடும்.

விளக்கே எரியவில்லை என்றால் கொன்ட்ரோலர் இன்னும் ஒற்றைச் செட் பொயின்ட் முறையில் இருக்கலாம். சில மொடல்களில் புரோகிராமை எழுதி வைத்தால் மட்டும் போதாது, இயங்கு முறையையும் புரோகிராம் என்று மாற்ற வேண்டும். அது சரியென்றால், ஸ்டார்ட்டுக்கு வெளியிலிருந்து வரும் தொடர்பைப் பாருங்கள். ட்ரையர் ஃபேன் ஓடினால்தான் புரோகிராம் தொடங்க வேண்டும் என்று கட்டியிருப்பார்கள். அது நல்ல ஏற்பாடு, கழற்றிவிடாதீர்கள். ஃபேன் கொன்டாக்டரின் (மோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சின்) துணைத் தொடர்பில் தேயிலைத் தூசி அடைத்துக்கொண்டால் ஃபேன் ஓடியும் கொன்ட்ரோலருக்குச் செய்தி போகாது. மின்சாரத்தை மெயினில் நிறுத்திவிட்டுத் துடைத்தால் பல நேரம் சரியாகிவிடும்.

ரன்னும் எரிகிறது, ஹோல்டும் இல்லை, ஆனாலும் ஒரே எண்ணில் நிற்கிறதா? அப்படியானால் ஹோல்ட்பேக்கைப் பாருங்கள். உண்மைச் சூடு செட் பொயின்ட்டிலிருந்து குறிப்பிட்ட அளவுக்கு மேல் விலகினால், சூடு வந்து சேரும்வரை கடிகாரத்தை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு அது. 2 பாகை என்று இறுக்கி வைத்திருந்தால் விறகு அடுப்பில் புரோகிராம் நாள் முழுக்க நின்று நின்றுதான் போகும். விறகுக்கு நான் 8 முதல் 10 பாகை வரை விடுகிறேன், மின்சார ஹீட்டருக்கு 3 முதல் 5. ஹோல்ட்பேக்கை முற்றாக அணைத்துவிடுவது வேண்டாம். ஏன் என்பதைக் கரண்ட் போகும் கதையில் சொல்கிறேன்.

## ஏற வேண்டிய செட் பொயின்ட் ஒரே தாவாகத் தாவுகிறது, அல்லது நகர்வதே தெரியவில்லை

இங்கே பார்க்க வேண்டியது அலகு. ரேம்ப், அதாவது செட் பொயின்ட் படிப்படியாக ஏறுவது அல்லது இறங்குவது, இரண்டு விதமாகக் கேட்கப்படும். ஒரு கொன்ட்ரோலர் 'நிமிடத்துக்கு எத்தனை பாகை' என்று கேட்கும், இன்னொன்று 'எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும்' என்று கேட்கும். 30 நிமிடத்தில் ஏறட்டும் என்று நினைத்து 30 போட்டால், முதல் வகையில் அது நிமிடத்துக்கு 30 பாகை ஆகிவிடும். பழைய கொன்ட்ரோலரைக் கழற்றி வேறு மொடல் பூட்டிய இடங்களில் இது கட்டாயம் வரும், பழைய தாளில் இருந்த எண்களை அப்படியே அடித்திருப்பார்கள்.

எதிர்ப்பக்கம், நிமிடம் என்று நினைத்து வைத்தது மணியாக இருந்தால் செட் பொயின்ட் ஆமை வேகத்தில் போகும். 45 நிமிடத் தங்கல் 45 மணி நேரமாக நிற்கும். நேர அலகு பொதுவாகச் செக்மென்ட் திரையில் இருக்காது, அமைப்புத் திரையில் ஒரு மூலையில் இருக்கும். அங்கே போய்ப் பாருங்கள்.

ரேம்ப் வேகம் பூச்சியம் என்று இருந்தால் பல கொன்ட்ரோலர்களில் அது 'ரேம்ப் இல்லை, உடனே தாவு' என்ற பொருள். 'நகராதே' என்ற பொருள் அல்ல.

அப்புறம் தொடங்கும் புள்ளி. முதல் செக்மென்ட் எங்கிருந்து புறப்பட வேண்டும்? பூச்சியத்திலிருந்தா, கடைசியாக இருந்த செட் பொயின்ட்டிலிருந்தா, இப்போதைய உண்மைச் சூட்டிலிருந்தா? நுவரெலியாவில் விடியற்காலை ட்ரையர் 12 பாகையில் இருக்கும், பகல் இடைவேளைக்குப் பிறகு அதே ட்ரையர் 60 பாகையில் இருக்கும். 'உண்மைச் சூட்டிலிருந்து' என்று வைத்தால் இரண்டு வேளைக்கும் பொருந்தும். வேறு எதை வைத்தாலும் ஒரு வேளைக்குத்தான் சரி வரும்.

கடைசியாக, பாரன்ஹைட். எங்கள் தொழிற்சாலைகளில் டீமேக்கர் முதல் ட்ரையரில் நிற்பவர் வரை எல்லாரும் பேசுவது பாரன்ஹைட்டில். கொன்ட்ரோலர் செல்சியஸில் இருக்கும். 200 என்று சொன்னால் 200 என்றே அடித்துவிடுவார்கள். 200 பாரன்ஹைட் என்பது 93 செல்சியஸ் மட்டுமே. இது எரிச்சல் தரும் சின்னப் பிழை அல்ல, தீப்பிடிக்கும் விஷயம். செட் பொயின்ட்டின் மேல் எல்லையை அமைப்பில் 120 செல்சியஸ் என்று பூட்டி வைத்தால் யார் எதை அடித்தாலும் அதற்கு மேல் போகாது. உங்கள் ட்ரையருக்கு வேறு எல்லை தேவையென்றால் டீமேக்கரிடம் கேட்டு வையுங்கள். எல்லையே இல்லாமல் விடாதீர்கள். தசமப் புள்ளியின் இடத்தை மாற்றினால் சில மொடல்களில் 95.0 என்பது 950 ஆகும்.

## செட் பொயின்ட் போகிறது, சூடு பின்னால் வரவில்லை

"அண்ணே, நம்பர் ஏறுது, சூடு ஏறல" என்று நைட் சிஃப்டில் வரும் அழைப்பு இதுதான்.

அவுட்புட் சதவீதத்தைப் பாருங்கள். 100 காட்டுகிறது என்றால் கொன்ட்ரோலர் தன்னால் முடிந்ததைக் கேட்டுவிட்டது, கொடுக்க ஆள் இல்லை. 60, 70இல் நின்றுகொண்டு மேலே போகவில்லை என்றால் அவுட்புட் எல்லை என்ற அமைப்பைப் பாருங்கள், யாரோ குறைத்து வைத்திருப்பார்கள்.

100 காட்டினால் செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். விறகு ஈரமா? தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் இந்தக் கேள்வியிலேயே பாதி முடிந்துவிடும். கொட்டகைக்குள் மாதக்கணக்கில் காய்ந்த விறகுக்கும் நேற்று இறக்கிய விறகுக்கும் ரேம்ப் வேகம் ஒன்றாக இருக்காது. அடுத்தது ஃபேன் பெல்ட் தளர்ச்சி. பிறகு காற்று வழியைத் திறந்து மூடும் டேம்பர்: மோட்டர் சுற்றும், ஆனால் தண்டில் பூட்டிய கிளாம்ப் வழுக்கித் தகடு அசையாது. ஒருவரை டேம்பர் பக்கம் நிற்க வைத்து, கையால் இயக்கும் முறைக்கு மாற்றி, அவுட்புட்டை 0இலிருந்து 100க்குக் கொண்டுபோங்கள். தகடு உண்மையில் திரும்புகிறதா என்று அவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். மோட்டரின் சத்தத்தை நம்ப வேண்டாம்.

மின்சார ஹீட்டர் என்றால் மூன்று ஃபேஸிலும் கரண்ட் சமமாக இருக்கிறதா என்று க்ளாம்ப் மீட்டரில் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தால் ஃபியூஸ் போயிருக்கும் அல்லது ஒரு கொயில் அறுந்திருக்கும். பேனலைத் திறந்து ஓட்டத்தில் அளப்பது மின் பணியாளரின் வேலை, நீங்கள் பழகாதவர் என்றால் இங்கே நிறுத்திக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பின்தங்கினால் ரேம்ப் அந்த இயந்திரத்தின் சக்திக்கு மீறியது. கண்டுபிடிப்பது எளிது: கையால் இயக்கும் முறையில் 100 கொடுத்து, வழக்கமான காற்றோட்டத்தில் 10 நிமிடத்தில் எத்தனை பாகை ஏறுகிறது என்று பாருங்கள். வேலை செய்யும் சூட்டுக்கு அருகில் கிடைக்கும் வேகத்தை எடுங்கள், அடியில் கிடைக்கும் வேகத்தை அல்ல. அதில் நாலில் மூன்று பங்கைப் புரோகிராமில் போடுங்கள். இறக்கத்துக்கும் இதே கதை. குளிரூட்டும் ஏற்பாடு இல்லாத போறணையை நிமிடத்துக்கு 5 பாகை இறங்கு என்றால் அது இறங்காது, தன் பாட்டில்தான் ஆறும்.

## உச்சியில் சூடு தாண்டிப் போகிறது

முதலில் இதைப் பாருங்கள்: தாண்டும் நேரத்தில் அவுட்புட் என்ன காட்டுகிறது? பூச்சியம் காட்டியும் சூடு நிற்காமல் ஏறினால் எஸ்எஸ்ஆர் (அசையும் பாகமில்லாத மின்னணு ரிலே) உள்ளே ஒட்டிக்கொண்டது அல்லது கொன்டாக்டரின் முனைகள் பற்றவைத்ததுபோல் சேர்ந்துவிட்டன. உடனே மெயினை நிறுத்துங்கள். எந்தப் புரோகிராமும் இதைத் திருத்தாது, பாகத்தை மாற்ற வேண்டும். எஸ்எஸ்ஆரைச் சோதிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: லோட் வயரைக் கழற்றிவிட்டு வெளிப்பக்கம் வோல்ட்டேஜ் பார்த்தால் நல்ல எஸ்எஸ்ஆரிலும் முழு வோல்ட்டேஜ் காட்டும், அதன் வழியே சிறு கசிவு எப்போதும் உண்டு. மின்சாரத்தை நிறுத்தி, வயர்களைக் கழற்றி, ஓம்மில் பாருங்கள். பூச்சியத்துக்கு அருகே காட்டினால் போய்விட்டது. கொன்ட்ரோலரோடு சம்பந்தமில்லாத தனி மிகைச் சூட்டுத் தடுப்பு ஒன்று இல்லாத இயந்திரத்தை நான் ஓட்டிக் கொடுப்பதில்லை, காரணம் இந்தப் பழுதுதான்.

அவுட்புட் ஒழுங்காகக் குறைகிறது, ஆனாலும் கொஞ்சம் தாண்டித் திரும்புகிறது என்றால் பயமில்லை. கடைசி 10 பாகைக்கு மட்டும் மெதுவான ரேம்ப் செக்மென்ட் ஒன்றைச் செருகுங்கள். 30இலிருந்து 95 வரை ஒரே ரேம்ப் இருந்தால், 85 வரை ஒன்று, 85இலிருந்து 95 வரை பாதி வேகத்தில் இன்னொன்று என்று உடையுங்கள். விறகு அடுப்பில் தணல் பிடித்த சூடு டேம்பர் மூடியும் வந்துகொண்டே இருக்கும், அதற்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

இதுவும் போதவில்லை என்றால் இப்போதுதான் ஓட்டோ டியூன். அதையும் வேலை செய்யும் சூட்டில், வழக்கமான காற்றோட்டத்தில், வழக்கமான சரக்கோடு செய்யுங்கள். வெறும் இயந்திரத்தில், அறைச் சூட்டில் செய்தால் வரும் எண்கள் வேறொரு இயந்திரத்துக்கு உரியவை. விறகு அடுப்பில் ஓட்டோ டியூனை நான் நம்புவதில்லை. விறகு போட்ட நேரம், போடாத நேரம் என்று அடுப்பே மாறிக்கொண்டிருக்கும்போது அது எதைக் கற்றுக்கொள்ளும்?

## கரண்ட் போய் வந்தபின் புரோகிராம் குழம்புகிறது

மலையகத்தில் இது தனித் தலைப்புக்குத் தகுதியானது. காற்றுக்கு மரம் விழுந்தால் கரண்ட் போகும், ஜெனரேட்டர் எடுக்கும்வரை சில வினாடிகள் எல்லாம் இருட்டு. கொன்ட்ரோலர் எழுந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று அமைப்பில் ஒரு தெரிவு இருக்கிறது: விட்ட இடத்திலிருந்து தொடர், இப்போதைய சூட்டிலிருந்து ஏறிப்போய்ச் சேர், புரோகிராமை நிறுத்திக் காத்திரு. வாங்கி வந்தபடியே விட்டிருந்தால் பெரும்பாலும் உங்களுக்கு வேண்டாததுதான் அங்கே இருக்கும். ட்ரையருக்கும் போறணைக்கும் இரண்டாவதைத் தெரிவு செய்யுங்கள். ஆளில்லாத இரவில் ஓடும் சின்ன உலர்த்தும் அறைக்கு மூன்றாவது.

கொன்ட்ரோலருக்கு மட்டும் யூபிஎஸ் போட்டால் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கவனம். ஃபேனும் ஹீட்டரும் நின்றிருக்கும்போது கொன்ட்ரோலரின் கடிகாரம் மட்டும் ஓடும். 40 நிமிடத் தங்கலில் 25 நிமிடம் குளிர்ந்த காற்றில் போய்விடும், திரையில் புரோகிராம் முடிந்தது என்று வரும். ஹோல்ட்பேக் இருந்தால் சூடு விழுந்ததும் கடிகாரம் நின்றுவிடும். மேலே அதை அணைக்க வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான்.

ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரத்தில் இடி மின்னல் வரும். அதற்குப் பிறகு கொன்ட்ரோலர் எரிகிறது, பட்டன் வேலை செய்கிறது, கணினியோடு மட்டும் பேசவில்லை என்றால் தொடர்புச் சிப் போயிருக்க வாய்ப்பு அதிகம். அமைப்புகளைக் கிண்டாமல் இன்னொரு கொன்ட்ரோலரை அதே வயரில் இணைத்துப் பாருங்கள்.

## கணினியிலிருந்து அனுப்பிய புரோகிராம் போய்ச் சேரவில்லை

ஒன்றுமே போகவில்லை என்றால் கொன்ட்ரோலரையும் கணினியையும் இணைக்கும் ஆர்எஸ்-485 தொடர்பு வயர்கள் இரண்டையும் மாற்றிப் பூட்டிப் பாருங்கள். எது ஏ, எது பி என்பதில் தயாரிப்பாளர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. மாற்றிப் பூட்டினால் ஒன்றும் எரியாது. பிறகு முகவரி, வேகம், பரிட்டி (பிழை சரிபார்க்கும் பிட்) மூன்றும் இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி மாற்றியை வேறு துளையில் செருகினால் கணினியில் போர்ட் எண் மாறும், அதையும் பாருங்கள்.

போகிறது ஆனால் எண்கள் தவறு என்றால் மூன்று காரணங்கள். 95.0 வேண்டுமென்றால் 950 என்று அனுப்ப வேண்டிய மொடலுக்கு 95 அனுப்பினால் 9.5 போகும். கையேட்டில் 40001 என்று இருக்கும் நினைவக முகவரி பல மென்பொருள்களில் 0 என்று எழுதப்படும், ஒன்று தள்ளினால் பக்கத்து செக்மென்ட்டில் போய் விழும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமில் எழுத விடாத மொடல்களும் உண்டு, அங்கே முதலில் ரீசெட் செய்ய வேண்டும். எதை அனுப்பினாலும் திரும்ப வாசித்து, அனுப்பியதோடு ஒப்பிட்ட பிறகே ரன் கொடுங்கள்.

ஃபேன் நின்றிருக்கும்போது சரியாகப் பேசுகிறது, ஃபேன் ஓடினால் பிழை பிழையாக வருகிறது என்றால் வயர் பாதையைப் பாருங்கள். ஃபேனின் வேகம் மாற்றும் டிரைவிலிருந்து போகும் மோட்டர் கேபிளும் தொடர்பு வயரும் ஒரே குழாயில் போகும். பிரித்துப் போட்டு, முறுக்கிய ஜோடி வயராக மாற்றி, நீண்ட தூரமென்றால் இரு கோடியிலும் 120 ஓம் மின்தடை போடுங்கள்.

சிலர் புரோகிராமை கொன்ட்ரோலரில் வைக்காமல், கணினியே வினாடிக்கு வினாடி செட் பொயின்ட்டை எழுதும்படி செய்கிறார்கள். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பல கொன்ட்ரோலர்களின் நிரந்தர நினைவகம் 1 இலட்சம் தடவை எழுதும் வரைதான் தாங்கும் என்று கணக்கு. ஒரு நாளில் 86,400 வினாடி. இரண்டாம் நாளே எல்லையைத் தாண்டிவிடும். அதோடு கணினி நடுவில் நின்றால் கடைசியாக எழுதிய எண்ணிலேயே இயந்திரம் நிற்கும். புரோகிராமை ஒருமுறை கொன்ட்ரோலருக்குள் எழுதி, கணினியை ஸ்டார்ட் கொடுக்கவும் பதிவு எடுக்கவும் மட்டும் வையுங்கள். தவிர்க்கவே முடியாது என்றால் தற்காலிக நினைவகத்தில் எழுதும் தனி முகவரி கையேட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

## எண்கள் எல்லாம் அழகாக இருக்கின்றன, சரக்குத்தான் சரியில்லை

சென்சரைச் சந்தேகப்படுங்கள். பனிக்கட்டித் துண்டுகளை நொறுக்கித் தண்ணீர் விட்டுக் கலக்கிய பாத்திரத்தில் சென்சரை வைத்தால் 0 காட்ட வேண்டும், எந்த ஊரானாலும். கொதிநீர்ச் சோதனை அப்படி அல்ல. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 பாகை. கண்டியில் 98 பக்கம், ஹட்டன், தலவாக்கலையில் 96, 1,868 மீட்டரில் இருக்கும் நுவரெலியாவில் 94. அங்கே கொதிநீரில் 94 காட்டிய நல்ல சென்சரை 'ஆறு குறைகிறது' என்று சொல்லித் திருத்தம் போட்டு 100 ஆக்கிவிடுகிறார்கள். பிறகு திரையில் 95 காட்டும் ட்ரையர் உண்மையில் 89இல் ஓடும், தேயிலை ஈரமாக இறங்கும். திருத்தம் என்ற அமைப்பில் பூச்சியம் அல்லாத எண் இருந்தால் யார், ஏன் போட்டார்கள் என்று கேளுங்கள்.

காலையில் சரி, இயந்திரம் சூடான பிறகு தவறு என்றால் தேர்மோகப்பிளிலிருந்து (இரு வகை உலோகக் கம்பி சேர்ந்த சூட்டு சென்சரிலிருந்து) பேனலுக்குச் சாதாரண செம்பு வயர் இழுத்திருக்கிறார்கள். சென்சர் தலை 60 பாகையிலும் பேனல் 25இலும் இருந்தால் திரை 35 பாகை குறைத்துக் காட்டும். கொன்ட்ரோலர் அதை நம்பி இன்னும் எரிக்கும். கே வகைத் தேர்மோகப்பிளுக்குக் கே வகைக் கேபிள்தான் வேண்டும். நிறத்திலும் கவனம்: ஐரோப்பிய முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். அமெரிக்க முறையில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். சிவப்பைப் பிளஸ் என்று பூட்டினால் சூடு ஏற ஏற எண் இறங்கும். சென்சர் பிடி100 (சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் வகை) என்றால் மல்டிமீட்டர் போதும்: பனிநீரில் 100 ஓம், 20 பாகையில் 107.8.

வாட்டும் ட்ரஃபில் உலர்க் குமிழுக்கும் (சாதாரண சென்சர்) ஈரக் குமிழுக்கும் (ஈரத் திரி சுற்றிய சென்சர்) இடையிலான வித்தியாசத்தை வைத்து ஓடும் புரோகிராம் என்றால் முதலில் திரியைத் தொட்டுப் பாருங்கள். அது பழுப்பு நிறமாகி, விறைத்து, விரலில் ஈரம் ஒட்டாமல் இருக்கும். திரி காய்ந்தால் இரண்டு சென்சரும் ஒரே எண்ணைக் காட்டும். காற்று முழு ஈரம் என்று நினைத்து கொன்ட்ரோலர் சூடான காற்றைத் திறந்துவிடும், அடியில் இருக்கும் கொழுந்து கருகும். புதுத் திரியின் விலை ஒன்றுமே இல்லை. தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பும் வேலையை ஒருவரின் பெயரில் எழுதி வையுங்கள்.

## ஆளைக் கூப்பிடும்போது

பேனலுக்குள் கருகிய வாசனை, ஒட்டிய எஸ்எஸ்ஆர், உடலில் கரண்ட் அடிக்கும் இயந்திரம், மிகைச் சூட்டுத் தடுப்பு திரும்பத் திரும்ப விழுவது: இவற்றில் எது வந்தாலும் மேலே சொன்ன சோதனைகளைச் செய்துகொண்டிருக்க வேண்டாம், மெயினை நிறுத்திவிட்டு அழையுங்கள். அழைக்கும்போது மூன்று எண்களையும் எழுதிய தாள், செக்மென்ட் படங்கள், கொன்ட்ரோலரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் மொடல் எண் ஆகியவற்றை ஃபோனில் அனுப்பிவிடுங்கள். மொடல் எண்ணை முழுவதுமாக, கடைசி எழுத்து வரை படமெடுங்கள். அவுட்புட் ரிலேயா, எஸ்எஸ்ஆருக்கா, தொடர்பு வசதி உண்டா, 230 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதெல்லாம் அந்தக் கடைசி எழுத்துகளில்தான் இருக்கும். அது தெரியாமல் கொழும்பிலிருந்து மாற்றுச் சாமான் வந்தால் பூட்ட முடியாமல் திரும்பிப் போகும்.